பின்வளவுப் பள்ளம்

குருக்கள்மடம்
03.09.2023

அன்பின் றஞ்சி,

வெள்ளிக்கிழமை போனில் நான் கத்தியது பிழைதான். நீ வேலை செய்கிற வீட்டில் உனக்குக் கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம்தான் போன் தருகிறார்கள். அதையும் நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தே முடித்துவிடுகிறோம். பிறகு விதுர்ஷா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா அழுதாவா?" என்று கேட்கிறாள். அதனால் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இது பொல்லாத கோடை. மே மாதத்துக்குப் பிறகு மழை என்று சொல்ல ஒன்றுமில்லை. றோட்டோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய்விட்டது. மோட்டர்கள் காற்றை இழுத்து இழுத்துக் கருகுகின்றன. திருத்துகிறவனுக்கு இது நல்ல காலம்தான். நம் மரமுந்திரிகைக்குக் கீழே பதினான்கு மோட்டர் கிடக்கிறது. மாரி தொடங்கினால் அவற்றை எங்கே வைப்பேன்?

ஆகவே என் யோசனை இதுதான். பின்வளவில் ஒழுங்கைப் பாதையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற பள்ளத்தைக் கிறவல் மண் போட்டு நிரவிவிடுவோம். அதில் ஒரு கடை கட்டுவோம். மோட்டர் திருத்துகிற கடை. கோடையில் வெறும் மணல், மாரியில் நுளம்புக்கடி என்று அந்தப் பள்ளத்தால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. கடை நின்றுவிட்டால் ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்ததும் நீ வந்துவிடலாம். திரும்பிப் போக வேண்டியதில்லை. மற்றவர்களின் வீட்டைத் துடைத்தது போதும், றஞ்சி.

வளவு உன்னுடையது. உன் அம்மா உனக்கு எழுதித் தந்தது. நான் வாவிக்கு அங்கால் படுவான்கரையில் இருந்து வந்து ஏறியவன். அதனால் கேட்கிறேன். 'ஓம்' என்று ஒரு சொல் எழுது.

உன்
ரூபன்


ஓமான்
25.09.2023

அன்பின் மச்சான்,

கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது நீங்கள் பேசாமல் இருங்கள்.

நான் வரவேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்று வாசித்தேன். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது. ஆனாலும் பள்ளத்தை இப்போது நிரவ வேண்டாம்.

ஏன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு விசயம் மட்டும் சொல்கிறேன். இந்த ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர் ஓரமாக ஒரு ஆறு போகிறது. ஆனால் அதில் தண்ணீர் கிடையாது, கல்தான் கிடக்கிறது. அந்தக் காய்ந்த ஆற்றுக்குக் குறுக்கே, நம் ஒழுங்கையைப் போல ஐந்து மடங்கு நீளத்தில் ஒரு அணை கட்டி வைத்திருக்கிறார்கள். பேரீச்சந் தோட்டத்துக்குப் போகும்போது அதைக் கண்டு சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் காரோட்டுகிற மஜீத் காக்கா காத்தான்குடி ஆள். அவர் சொன்னார்: "சிரிக்காத தங்கச்சி. இது தண்ணிய வச்சிருக்கக் கட்டினதில்ல. நிலத்துக்குள்ள அனுப்பக் கட்டினது."

அன்றைக்கு முழுக்க எனக்கு நம் பள்ளம்தான் ஞாபகம். மாரியில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இரண்டு நாளில் காணாமல் போய்விடும். நுளம்பு குஞ்சு பொரிக்கக்கூட நேரம் கிடைக்காது. அது எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நீங்கள்தான் ஊரில் எல்லார் வீட்டு மோட்டரையும் கழற்றுகிறவர். எந்தக் கிணறு உவர்த்திருக்கிறது, எது உவர்க்கவில்லை என்று ஒருக்கால் பாருங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம். இந்த மாரி போகட்டும்.

விதுர்ஷாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுங்கள்.

உங்கள்
றஞ்சிதா


குருக்கள்மடம்
19.10.2023

றஞ்சி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. கடைசி டிப்பர் கிறவலைக் கொட்டிவிட்டு நேற்றுப் பின்னேரமே போய்விட்டது.

பழுகாமத்துப் பெடியன் நிஷாந்த்தின் மண் நிரவுகிற மெசின் இரண்டு நாள் சும்மா நின்றது. மழை தொடங்கினால் பாதையில் டிப்பர் ஓடாது. 'ஓம்' என்றுதான் எழுதியிருப்பாய் என்று நம்பிச் செய்துவிட்டேன். இடித்து இறுக்கி மட்டமாகக் கிடக்கிறது. அத்திவாரத்துக்குக் கயிறும் கட்டியாயிற்று.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் படுவான்கரைப் பக்கம் குளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். மதகைத் திறந்தால் வயல் வட்டைக்குள் பாயும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்காக ஒரு பரப்பு நிலத்தை வெறுமையாய் விடச் சொல்கிறாய். அதுவும் மலையும் கல்லும் உள்ள ஒரு தேசத்தைப் பார்த்துவிட்டு, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற நமக்குப் புத்தி சொல்கிறாய். நம்மைச் சுற்றித் தண்ணீர்தானே.

உனக்காகத்தான் செய்தேன்.

ரூபன்


ஓமான்
10.11.2023

மச்சான்,

வாசித்தேன்.

கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன் செய்தால் அது கேட்டதாகாது. அதை எனக்காகச் செய்ததாகவும் சொல்ல வேண்டாம்.

ஜனவரியில் போகிறாயா, இன்னும் ஒரு வருடம் நிற்கிறாயா என்று வீட்டுக்கார அம்மா நேற்றுக் கேட்டா. நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

றஞ்சிதா


குருக்கள்மடம்
22.01.2024

அன்பின் றஞ்சி,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. நீயும் வெள்ளிக்கிழமைகளில் விதுர்ஷாவோடு மட்டும்தான் பேசுகிறாய். அவள் போனை என்னிடம் நீட்டும்போது உன் பக்கம் சத்தம் நின்றுவிடுகிறது. அது எனக்குத் தேவைதான்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த மாரி நல்ல மாரி. பெய்த மழை கிறவலில் ஒரு நிமிசமும் நிற்கவில்லை. தகரக் கூரையில் ஓடுவது போல ஒழுங்கைக்கு ஓடியது. ஒழுங்கையில் இருந்து பக்கத்து வீட்டு வசந்தாதேவி அக்காவின் குசினிக்குள் ஏறியது. மூன்று நாள் அவ அடுப்பை மேசைக்கு மேல் வைத்துச் சமைத்தா. பிறகு அவ்வளவு வெள்ளமும் வாவிக்குப் போய்விட்டது. அவ என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவ்வளவு மழைக்கு நம் கிணறு முட்ட நிறையும் என்று போய்ப் பார்த்தேன். உள்ளே மேலிருந்து இரண்டாவது வளையத்தில் பாசிக் கோடு ஒன்று இருக்கிறது அல்லவா? ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் வந்து தொடுகிற கோடு. இந்தமுறை தண்ணீர் அதற்கு ஒரு முழு வளையம் கீழே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவேயில்லை.

அப்போதுதான் நீ கேட்ட கேள்வியை எடுத்தேன். மோட்டர் திருத்தப் போன வீட்டிலெல்லாம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படமாகக் கீறி இத்தோடு வைத்திருக்கிறேன். புள்ளி வைத்தது நல்ல தண்ணீர், குறுக்கே கீறிப் புள்ளடி போட்டது உவர். பார். புள்ளிகள் முழுவதும் பள்ளத்தைச் சுற்றியே நிற்கின்றன. எட்ட எட்டப் போகப் புள்ளடி. முற்றத்துக்குச் சீமெந்து போட்ட றோட்டோர வீடுகள் எல்லாம் புள்ளடி.

இன்னுமொன்று. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். போன கோடையில் "தண்ணி வருதில்ல ரூபன்" என்று கூப்பிட்ட ஒவ்வொரு வீட்டிலும் நான் செய்தது ஒரே வேலைதான்: குழாயை இன்னும் நாலடி கீழே இறக்கினேன். தண்ணீர் வந்தது. பத்து நாளில் உப்பும் வந்தது. நம் மணலுக்குக் கீழே கடல் தண்ணீர் எப்போதும் நிற்கிறது, றஞ்சி. மழைத் தண்ணீர் அதன் மேல் மெல்லிய பாயைப் போலக் கிடக்கிறது. பாய் மெலிந்தால் உப்பு ஏறும். இருபது வருடம் இந்த வேலை செய்கிறேன். மணலில் தண்ணீர் தானாக ஊறும் என்றே இருந்துவிட்டேன்.

நான் செய்தது பிழை. நிரவியதும் பிழை, உன் பதிலுக்குப் பொறுக்காததும் பிழை. இரண்டாவதுதான் பெரியது.

ரூபன்


ஓமான்
27.02.2024

அன்பின் மச்சான்,

உங்கள் படத்தை நாலு தரம் விரித்துப் பார்த்தேன். ஐந்தாம் தரம் மஜீத் காக்காவுக்குக் காட்டினேன். "இத ஒரு எஞ்சினியரா கீறினது?" என்று கேட்டார். "இல்ல காக்கா, என்ட மாப்பிள்ளை" என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் இருக்கவில்லை. அதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இங்கே மழை பெய்தது. நான் வந்து இரண்டு வருடத்தில் இதுதான் மழை என்று சொல்லக்கூடிய மழை. முதலில், மாதத் தொடக்கத்தில் ஒரு தூறல். எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் வெளியே நின்றார்கள். நானும் நின்றேன். மத்தியானம் வெயில் ஏற நிலம் பழையபடி ஆகிவிட்டது. விரலால் கிண்டிப் பார்த்தேன். நகம் மறைகிற அளவுக்குக்கூட நனையவில்லை. இந்த ஊரில் அப்படிப்பட்ட மழையைக் கணக்கிலேயே எடுப்பதில்லையாம். வானத்தில் இருந்து வருகிறது, வானத்துக்கே போகிறது என்று காக்கா சொன்னார்.

போன செவ்வாய் காலையில் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றேன். எங்களுக்கு மேல் வெயில். மலை மட்டும் கறுத்துப்போய் இருந்தது. திடீரென்று பத்து டிப்பர் வரிசையாகக் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். வீட்டுக்கார அம்மா, எழுபது வயதுக்காரி, கைத்தடியையும் மறந்து வாசலுக்கு ஓடினா. காய்ந்த ஆற்றில் தண்ணீர் வந்தது. மலையில் பெய்த மழை முழுவதும் ஒன்றாய்ச் சேர்ந்து, கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு, செம்மண் நிறத்தில் வந்தது. அரைமணித்தியாலத்துக்கு முன் ஆடு மேய்ந்த இடம் அது.

நான் சிரித்த அந்த அணை அதை மறித்து நிறுத்தியது.

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஐந்து நாள் அந்தத் தண்ணீர் அசையாமல் நின்றது. சேறு அடியில் படிந்தது. மேலே தெளிந்தது. தெளிந்ததை அணையின் அடியில் உள்ள குழாய்களால் மெல்லத் திறந்துவிட்டார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. தண்ணீர் கூழாங்கற்களுக்கு மேல் நடந்து வந்தது, மச்சான். ஓடவில்லை, நடந்தது. நாங்கள் அதன் கூடவே நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் அது மெலிந்தது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு சாண் அகலம். பிறகு ஈரக் கல். பிறகு காய்ந்த கல். ஒருவரும் வாளி கொண்டு வரவில்லை. ஒருவரும் அதை அள்ளவில்லை. ஊரே நின்று, ஒரு ஆறு நிலத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா அழுதா. எனக்கு அரபு அவ்வளவு விளங்காது. காக்காவிடம் கேட்டேன். நிலத்தடியில் இருந்து வருகிற தோட்டத்து வாய்க்கால் மூன்று வருடமாக மெலிந்துகொண்டு போகிறதாம். இரண்டு மாதத்தில் அது பெருகும், தன் மரங்கள் தப்பிவிட்டன என்று சொன்னாவாம். அணை இல்லாத பழைய காலத்திலும் இப்படித்தானாம். வெள்ளம் வரும்போது ஆற்றுக் கல்லே குடித்துக்கொள்ளும். அணை அதற்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

வருடத்தில் ஒரு நாள் வருகிற தண்ணீரை வைத்து இவர்கள் இருக்கிறார்கள். நமக்கு மூன்று மாதம் வருகிறது.

பள்ளத்தை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. கலண்டர் தாளில் புள்ளி வைத்தவருக்குத் தெரியும்.

உங்கள்
றஞ்சிதா


குருக்கள்மடம்
30.06.2024

அன்பின் றஞ்சி,

ஐந்து மாதம் எழுதாததற்குக் காரணம் கடைசியில் தெரியும்.

உன் கடிதம் வந்தபோது, "ஓம், கிண்ட வேண்டும்" என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. கிறவல் போட்டது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத்தானே தெரியும். அத்திவாரமும் அரை அடி எழும்பியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

மே மாதம் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியது. நம் கிணறு உவர்த்தது. நீ பிறந்ததில் இருந்து உவர்க்காத கிணறு. விதுர்ஷா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வசந்தாதேவி அக்கா குடத்தோடு வந்தா. உவர்க்கிற காலத்தில் ஒழுங்கை முழுவதும் நம் கிணற்றுக்குத்தானே வரும்.

"என்ன ரூபன், உங்கட கிணத்துலயும் உப்புக் கிடக்கா?"

"ஓம் அக்கா."

"அப்ப நாங்க இனி எங்க போற?"

அவ கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டா. அன்று பின்னேரம் மண்வெட்டியை எடுத்தேன்.

முதல் மூன்று நாள் தனியாக அத்திவாரத்தை உடைத்து அள்ளினேன். நாலாம் நாள் அக்காவின் மனுசன் நல்லரத்தினம் அண்ணன் வந்து வேலிக்கு அங்கால் நின்று பார்த்தார். "போட்டவனே அள்ளுறான்" என்று சிரித்தார். பிறகு போய்த் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்த நாளில் ஒழுங்கையில் பாதிப் பேர் நின்றார்கள். அள்ளிய கிறவலில் முதல் பங்கு அக்காவின் குசினிக்குப் போனது. தளத்தை ஒரு முழம் உயர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

கிறவல் முடிந்து மணல் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். சோதித்துப் பார்க்க ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். இறங்கவில்லை! தட்டில் ஊற்றியது போல அரை மணித்தியாலம் நின்றது. ஒரு மாரியில் கிறவலின் களிமண் கரைந்து போய் மணலுக்கு மேல் தோல் போலப் படிந்துவிட்டது. நீ எழுதிய அந்தச் சேறு எனக்கு அப்போது விளங்கியது. மறுபடி தொடங்கினோம். ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தோம், வெள்ளை மணல் வரும்வரை. பிறகு ஊற்றிய வாளித் தண்ணீர் சத்தமே இல்லாமல் போய்விட்டது. நல்லரத்தினம் அண்ணன் "இன்னொருக்கா ஊத்து" என்றார். ஊற்றினேன். "இன்னொருக்கா" என்றார். உவர்த் தண்ணீர்தான், ஆனாலும் சின்னப் பிள்ளைகளைப் போல ஆறு வாளி ஊற்றிவிட்டோம்.

கடையும் திறந்துவிட்டேன். எங்கே என்று கேட்பாய். நம் முன் விறாந்தையை அடைத்து, ஒழுங்கைப் பக்கம் ஒரு கதவு வைத்தேன். உன்னுடைய கண்ணாடி அலுமாரி இருந்த இடத்தில் இப்போது பதினொரு மோட்டர் நிற்கிறது. வீடு முழுக்கக் கிறீஸ் மணம். இந்த யோசனை முதலிலேயே வந்திருக்கலாம். விறாந்தை உள்ள வீட்டுக்காரன் என்ற எண்ணம் அதை வரவிடவில்லை.

இதெல்லாம் செய்து முடித்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். செய்யப் போகிறேன் என்று உனக்கு எழுத எனக்கு வாய் இல்லை.

உன்
ரூபன்


ஓமான்
24.07.2024

அன்பின் மச்சான்,

கிறீஸ் மணத்துக்கு நான் பழகிக்கொள்வேன்.

நீங்கள் கிண்டியதை வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். காக்கா மொழிபெயர்த்தார். இரண்டு மாதம் மண்வெட்டியால் கிண்டினார் என்றதும் அவ தன் மகனைக் கூப்பிட்டு, "கேள், கேள்" என்று மறுபடியும் என்னைச் சொல்ல வைத்தா. நானும் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். நீங்கள் தனியாகக் கிண்டியது மூன்று நாள் இல்லை, மூன்று கிழமை. உங்களைப் பற்றி இங்கே நல்ல பேர் இருக்கிறது. வந்து கெடுத்துவிட வேண்டாம்.

இன்னொரு வருடம் நிற்கிறேன் என்று அன்றைக்கு நான் சொன்னது, நிற்க வேண்டும் என்பதற்காக இல்லை. உங்களுக்கு வலிக்க வேண்டும் என்பதற்காக. வலித்தது உங்களுக்கு மட்டும் இல்லை. இந்த வருடம் விதுர்ஷா பெரியபிள்ளையானபோது நான் பக்கத்தில் இல்லை. அதை இனி எந்த மழை வந்தும் நிரப்ப முடியாது. பள்ளத்தில் நீங்கள் பிழை விட்டீர்கள். இதில் நான் விட்டேன்.

டிசம்பரில் வருகிறேன்.

உங்கள்
றஞ்சி


குருக்கள்மடம்
10.11.2024

அன்பின் றஞ்சி,

மழை வந்துவிட்டது!

ஒக்டோபரில் இரண்டு மூன்று தூறல். உன் பாடத்தை வைத்து, இது கணக்கில் இல்லை என்று நல்லரத்தினம் அண்ணனுக்குச் சொன்னேன். போன கிழமை இரண்டு நாள் விடாமல் அடித்தது. ஒழுங்கைத் தண்ணீர் முழுவதும் பள்ளத்துக்குள் இறங்கியது. அக்காவின் குசினிப் பக்கம் ஒரு துளி போகவில்லை. முழங்காலுக்கு மேல் நின்றது. ஒழுங்கைச் சனம் குடையோடு சுற்றி வந்து நின்று பார்த்தது. மழை விட்ட ஒன்றரை நாளில் பள்ளம் காய்ந்துவிட்டது.

பிறகு நான் பார்த்ததை உனக்கு எப்படி எழுதுவது? மழை இல்லை, பள்ளத்தில் தண்ணீர் இல்லை, முடிந்த கதை என்று தெரிகிறது. ஆனால் கிணறு ஏறிக்கொண்டே இருக்கிறது. நூலில் கல் கட்டி வீடு வீடாக அளந்தேன். முதல் நாளே நம் கிணறு. மூன்றாம் நாள் அக்காவின் கிணறு. ஆறாம் நாள் கோயிலடிக் கிணறு. யாரும் பார்க்காத இடத்தில் அது நடந்து போய்க்கொண்டிருக்கிறது, றஞ்சி, ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்கு. இருபது வருடம் தண்ணீரை மேலே இழுத்தவன் நான். அது கீழே போகிற அழகை இப்போதுதான் பார்க்கிறேன்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினா. "இன்னும் உப்புக் கிடக்கு" என்றா. நேற்று மறுபடி குடித்தா. துப்பவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோறாக்கலாம். தேத்தண்ணிக்கு இன்னும் காணா" என்றா. தேத்தண்ணிக்கு இன்னொரு மாரி வேண்டும் போல.

நான் இப்போது எந்த வீட்டிலும் குழாயை இறக்குவதில்லை. உயர்த்திப் பூட்டிவிடுகிறேன். ஏசுகிறார்கள். ஏசட்டும்.

உன்
ரூபன்


ஓமான்
05.12.2024

அன்பின் மச்சான்,

டிக்கட் வந்துவிட்டது. முப்பத்தோராம் தேதி காலை கட்டுநாயக்கவில் இறங்குவேன். விதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நேற்று வீட்டுக்கார அம்மா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடுகிறது. பிப்ரவரியில் கல்லுக்குள் போன அதே தண்ணீர். அதில் கால்களை வைத்துக்கொண்டு பக்கத்தில் என்னையும் குந்தி இருக்கச் சொன்னா. இத்தனை நாளில் அவவுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருந்தது அதுதான் முதல் தரம்.

"உங்கள் ஊரில் மழை எத்தனை நாள்?" என்று கேட்டா.

"மூன்று மாதம்" என்றேன்.

நான் சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கேட்டா. மூன்று விரலைக் காட்டினேன். அவ அந்த மூன்று விரலையும் தொட்டு எண்ணினா. பிறகு கேட்டா: "அவ்வளவையும் என்ன செய்கிறீர்கள்?"

வாவிக்கு விடுகிறோம், வாவி கடலுக்கு விடுகிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "எங்கள் ஒழுங்கையில் மட்டும் வைத்துக்கொள்கிறோம்" என்றேன்.

வந்ததும் கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தாருங்கள். உவர்த்தாலும் குடிப்பேன்.

உங்கள்
றஞ்சி